சுப்பாராவின் நீல நிறம்

அடையாறு புற்றுநோய் நிறுவனம் என்றதும், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி அதனை 1954இல் பன்னிரண்டு படுக்கைகளுடன் தொடங்கியது நினைவுக்கு வரும். மயிலாப்பூரில் பிறந்து, 1955 முதல் தம் வாழ்வையே அதற்கு ஈந்த வி. சாந்தாவும் நினைவுக்கு வருவார். சென்னையில் மருத்துவம் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவை மட்டும் நாம் ஏனோ மறந்துவிடுகிறோம்.

கதராடையால் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறிய அவர், 1922இல் பாஸ்டன் சேர்ந்தார். 1925இல் சைரஸ் ஃபிஸ்கேயுடன் இணைந்து, உடல் திரவங்களிலுள்ள பாஸ்பரஸை நீல நிறத்தின் அடர்த்தி கொண்டு அளக்கும் முறையை வெளியிட்டார். அவ்வழியே சென்ற இருவரும் 1929இல் ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறை அறிவித்தனர். ஜெர்மனியின் லோமனும் அதே ஆண்டில் தனியே அதனைக் கண்டிருந்தார். பின்னாளில் சுப்பாராவின் குழு உருவாக்கிய அமினோப்டெரினைக் கொண்டுதான் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்குத் தற்காலிக நிவாரணம் கண்டு 1948இல் எழுதினார். அவ்வாண்டே சுப்பாராவ் மறைந்தார்.

நாற்பதாண்டுகள் கழித்து, 1988இல், அதே பாஸ்டனில் லூயிஸ் கேன்ட்லியின் குழு ஒரு நொதியின் செயலைத் தெளிவுபடுத்தியது. உயிரணுச் சவ்விலுள்ள இனோசிட்டால் கொழுப்பின் மூன்றாம் இடத்தில் அது ஒரு பாஸ்பேட்டை ஏற்றுகிறது. அதன் பெயர் பி.ஐ.3 கைனேஸ், பாஸ்பேட்டைத் தருவதோ, சுப்பாராவ் கண்ட ஏ.டி.பி.யேதான்! அந்தக் கொழுப்பு 'வளர்க, மடியாதிரு' என்ற செய்தியாகிறது. அதனை அழிக்கும் பி.டி.இ.என். என்ற நொதி 1997இல் அறியப்பட்டது. ஏற்றும் கை ஓயாமலோ அழிக்கும் கை இல்லாமலோ போனால் புற்று வளர்கிறது.

எனில் ஏற்றும் கையைத் தடுத்தால் போதாதா? அவ்வளவு எளிதன்று. 2014இல் சில இரத்தப் புற்றுகளுக்கு ஐடெலாலிசிபும், 2019இல், உரிய மரபணு மாற்றம் கண்டறியப்பட்ட முற்றிய மார்பகப் புற்றுக்கு ஆல்பெலிசிபும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. ஆனால் இன்சுலினின் செய்தியும் இதே நொதி வழியே செல்வதால், ஆல்பெலிசிப் உண்போருக்கு இரத்தச் சர்க்கரை ஏறுகிறது. நீரிழிவு மலிந்த நம் ஊரில் இது சிறிய செய்தியன்று.

அந்நொதி பகையன்று, நாம் உண்டதை உடல் ஏற்க உதவும் நம் சொந்தப் பணியாள். அவனைக் கொல்லாமல் கட்டுப்படுத்துவதே இன்றைய மருத்துவத்தின் பாடு. அதற்கும் முதலில் வேண்டுவது, சுப்பாராவ் காட்டிய அந்தப் பொறுமையான அளவீடுதான்.