ஐந்து நிமிட வீடு

1929-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரைச் சேர்ந்த ஆர்தர் ஷெர்மன், மனைவியையும் ஐந்து குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு விடுமுறைக்குக் கிளம்பினார். அவர் ஒரு பாக்டீரியா ஆராய்ச்சியாளர். மருந்துக் கம்பெனி ஒன்றின் தலைவரும் கூட. காருக்குப் பின்னால் புதிதாக வாங்கிய மடக்கு டிரெய்லர் ஒன்று வந்துகொண்டிருந்தது. விரித்தால் ஐந்தே நிமிடத்தில் மழை புகாத அறையாகிவிடும் என்று சொல்லித்தான் அதை விற்றிருந்தார்கள். முதல் இரவே இடியோடு மழை பிடித்துக்கொண்டது. ஐந்து நிமிடத்தில் அதை விரிக்க முடியவில்லை. குடும்பமே தொப்பலாக நனைந்தது!

மடக்கு டிரெய்லரின் சரித்திரம் முழுவதும் அந்த ஐந்து நிமிடத்தைத் துரத்திய சரித்திரம்தான்.

ஏன் மடக்கினார்கள்?

பாப்-அப் கேம்ப்பர் என்று இன்று அழைக்கப்படும் இந்த வண்டி, சாலையில் போகும்போது சக்கரம் வைத்த ஒரு தட்டையான பெட்டி மாதிரி இருக்கும். நிறுத்திய இடத்தில் கூரை மேலே எழும். முன்னும் பின்னும் இரண்டு படுக்கைகள் மேஜை இழுப்பறை போல வெளியே வரும். சுவர்கள் கித்தான் துணி. சுருக்கமாகச் சொன்னால், பாதி வீடு, பாதி கூடாரம்.

இதன் பிறப்புக்குக் காரணம் ஃபோர்டின் மாடல் டி கார். 1908-ல் 850 டாலருக்கு விற்ற அந்தக் கார், 1913-ல் நகரும் உற்பத்தி வரிசை வந்த பிறகு படிப்படியாக மலிந்தது. 1925-ல் அதன் மிக மலிவான வகை 260 டாலருக்கே கிடைத்தது. சாதாரணக் குடும்பங்களும் ஊர் சுற்றக் கிளம்பின. 1919-ல் ஃபுளோரிடாவின் டாம்பா நகரில், காரோடு முகாம் போட்டுத் தங்குகிறவர்கள் ஒரு சங்கமே ஆரம்பித்தார்கள். 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்', அதாவது தகர டப்பா சுற்றுலாக்காரர்கள், என்று அதற்குப் பெயர்.

ஆனால் மாடல் டி எஞ்சினின் சக்தி வெறும் 20 குதிரைத்திறன். சாலைகளும் மோசம். மரச்சுவர் வைத்த கனமான வீட்டை அதன் பின்னால் கட்டி இழுப்பது கடினம். துணி என்றால் எடை குறைவு, விலையும் குறைவு. அதனால்தான் கூடார டிரெய்லர்கள் வந்தன. விலையில் மிச்சம் பிடித்ததை, ஒவ்வொரு மாலையும் விரித்து ஒவ்வொரு காலையும் மடக்கும் உழைப்பாக அந்தக் குடும்பம் கட்ட வேண்டியிருந்தது. விளம்பரங்கள் குறைத்துச் சொன்னது இந்த இரண்டாவது விலையைத்தான்.

ஷெர்மனின் பதில்

மழையில் நனைந்த ஷெர்மன், மடக்கவே தேவையில்லாத ஒரு டிரெய்லரைத் தச்சரை வைத்துச் செய்தார். ஆறடி அகலம், ஒன்பதடி நீளம், கெட்டியான சுவர், உள்ளே அடுப்பும் அலமாரியும். பிள்ளைகள் அதற்கு 'கவர்டு வேகன்' என்று பெயர் வைத்தார்கள்.

1930 ஜனவரியில் டெட்ராய்ட் கார் கண்காட்சியில் 400 டாலர் விலைக்கு அதை வைத்தார். நியூயார்க் பங்குச் சந்தை சரிந்து மூன்று மாதம்கூட முழுதாக ஆகவில்லை. அப்படியும் 118 வண்டிகள் விற்றன! 1936-ல் அவருடைய கம்பெனி சுமார் 6,000 வண்டிகள் விற்று, அந்தத் தொழிலிலேயே பெரியதாக இருந்தது. அந்தப் பத்தாண்டின் முடிவில் கூடார டிரெய்லர்கள் ஏறக்குறைய காணாமல் போயின.

மீண்டும் மடக்கு

ஆனால் கெட்டிச் சுவருக்கு எடை உண்டு, விலை உண்டு. போருக்குப் பிறகு, நடுத்தரக் குடும்பங்கள் சாதாரணக் காரில் இழுத்துப் போக மலிவான ஒன்றைத் தேடின. 1956-ல் நெடுஞ்சாலைச் சட்டம் வந்து நாடு முழுவதும் நல்ல சாலைகள் போடப்பட்டன. மடக்கு டிரெய்லர் திரும்பி வந்தது. இந்த முறை தலைக்கு மேல் துணி இல்லை, கெட்டியான கூரை. கோல்மன் நிறுவனம் 1967-ல் இந்தத் தொழிலில் இறங்கியது.

1968-ல் இண்டியானா மாநிலத்தின் மிடில்பரியில், லாயிட் பான்ட்ரேகர் தன் பண்ணையின் கோழிக் கொட்டகைகளில் ஜேகோ கம்பெனியைத் தொடங்கினார். கூரையைத் தூக்குவதற்கு அவரே வடிவமைத்த அமைப்புதான் முதலீடு. முதல் வருடம் 132 வண்டிகள் விற்றன. இது போன்ற தூக்கு அமைப்புகளால் ஒரே ஆள் ஒரே இடத்தில் நின்று ஹேண்டிலைச் சுற்றினால் நான்கு மூலைகளும் சேர்ந்து எழுந்தன. மழை வந்தால் முதலில் கூரை! 1929-ல் ஷெர்மனுக்குக் கிடைக்காதது இதுதான்.

ஸ்லைடு-அவுட் வந்த கதை

1990-ல் இண்டியானாவைச் சேர்ந்த நியூமர் கம்பெனி, மோட்டார் வீட்டின் பக்கச் சுவரையே வெளியே தள்ளி அறையை அகலமாக்கும் 'ஸ்லைடு-அவுட்' வசதியைக் கொண்டுவந்தது. பின்னர் அது மடக்கு டிரெய்லர்களுக்கும் வந்தது. சாப்பாட்டு மேஜையும் இருக்கைகளும் பக்கவாட்டில் வெளியே போய்விட, நடுவில் தாராளமாக நடக்க இடம் கிடைத்தது.

ஆனால் வேலை குறைந்ததா? ஒரு தடவை விரிக்கும் வரிசையைப் பார்த்தால் புரியும்.

முதலில் இடம். ஸ்லைடு-அவுட் வரும் பக்கம் மரமோ கம்பமோ இருக்கக் கூடாது. வண்டி காரோடு இணைந்திருக்கும்போதே ரசமட்டம் வைத்துப் பார்த்து, தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்தைப் பலகை மேல் ஏற்ற வேண்டும். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகே கொக்கியைக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் வண்டி உருண்டுவிடும். முன்பக்க ஜாக்கியைச் சுற்றி முன்னும் பின்னும் சமப்படுத்த வேண்டும். மூலைகளில் இருக்கும் முட்டு ஜாக்கிகள் வண்டி ஆடாமல் இருக்க மட்டுமே. அவற்றால் வண்டியைத் தூக்கினால் அடிச்சட்டம் முறுக்கிக்கொண்டு கதவு பொருந்தாமல் போகும்.

அடுத்து கூரை. எல்லாக் கொண்டிகளையும் எடுத்துவிட்டே ஹேண்டிலைச் சுற்ற வேண்டும். ஒன்றை மறந்தாலும் கூரை கோணலாக எழும். பிறகு படுக்கைகளை இழுத்து, தாங்கு கம்பிகளைப் பொருத்த வேண்டும். கூரை முழு உயரத்துக்கு எழுந்த பிறகே ஸ்லைடு-அவுட்டை வெளியே இழுக்கலாம். அதற்கும் தனிக் கூரை, தனிக் கித்தான். ஓரங்களை ஒவ்வொன்றாகப் பொருத்த வேண்டும். பழகிய இருவருக்கே இருபது, முப்பது நிமிடம் ஆகும்.

மடக்குவது இதே வரிசை, தலைகீழாக. மேஜையில் இருப்பதை எல்லாம் எடுத்துவிட்டு ஸ்லைடு-அவுட்டை உள்ளே தள்ளிய பிறகே கூரை இறங்க வேண்டும். இறங்க இறங்கக் கித்தானை உள்ளே செருகிக்கொண்டே வர வேண்டும். நடுவில் சிக்கினால் கிழியும். மழையில் மடக்கியிருந்தால் வீட்டுக்குப் போனதும் மறுபடி விரித்து உலர்த்தியாக வேண்டும். இல்லையென்றால் சில நாட்களிலேயே பூஞ்சணம் பிடித்துவிடும்.

கணக்கு

ஒவ்வொரு வசதியும் வண்டியின் எடையையும் விலையையும் கூட்டியது. மடக்கு டிரெய்லர் சிறிய கெட்டிச் சுவர் டிரெய்லரின் விலையை நெருங்க நெருங்க, மடக்குவதற்கான காரணமே குறைந்துகொண்டு வந்தது. கோல்மனின் மடக்கு டிரெய்லர் தொழிலை 1989-ல் வாங்கிய ஃப்ளீட்வுட் நிறுவனம் 2009-ல் திவாலானது. எண்ணெய் விலையும் பொருளாதாரச் சரிவும் அதில் பெரும் பங்கு வகித்தன என்றாலும், மடக்கு டிரெய்லரின் பொற்காலம் அதற்குள் முடிந்திருந்தது.

ஷெர்மனால் தச்சரைக் கூப்பிட முடிந்தது. அது முடியாத குடும்பங்களுக்காகத்தான் மடக்கு டிரெய்லர் இருந்தது. அவர்களிடம் விற்கும்போது ஐந்து நிமிடம் என்று சொல்லாமல் அரை மணி நேரம் என்று சொல்லியிருந்தால், அவர்கள் மேகத்தைப் பார்த்து, இருட்டுவதற்கு முன்பே வண்டியை நிறுத்தியிருப்பார்கள்.