மாயக் கதைப் படங்களும் நடுவுநிலை மதிப்பீடும்

தமிழ்த் திரைப்பட வரலாற்றை எழுதுவோர் பலர் சமூகப் படங்களுக்கு முதலிடம் தருவர். புராணப் படங்களுக்கு ஓரிரு பக்கங்களை ஒதுக்குவர். மந்திரமும் மாயமும் நிறைந்த இராசா இராணிக் கதைகளையோ 'வெறும் பொழுதுபோக்கு' என்ற சொல்லோடு கடந்து செல்வர். இத்தீர்ப்பு நேர்மையானதா என்பதை ஆராய்வதற்குக் கண்டி மாநகரும் அதனைச் சூழ்ந்த மலைநாடும் நல்லதொரு களமாகும்.

இத்தகைய படங்கள்மீது சாட்டப்படும் குற்றங்கள் இரண்டு. மூலக் கதையைச் சிதைத்தன என்பது ஒன்று. மக்கள் வாழ்க்கையை மறந்தன என்பது மற்றொன்று.

முதற்குற்றத்தை எடுத்துக்கொள்வோம். மலைநாட்டுத் தோட்டங்களில் காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய கூத்துகள் தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டு வந்துள்ளன. கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் தம்முடன் கொண்டுவந்த செல்வம் இவை. சிவபெருமானின் நெற்றிக்கண்ணால் காமன் எரிந்ததும், இரதி புலம்பியதும் புராணச் செய்திகள். ஆயினும் கூத்தாடுவோர் புராண நூலை வரிக்கு வரி ஒப்புவிப்பதில்லை. களத்திற்கேற்பக் கூட்டியும் குறைத்தும் ஆடுவர். அதனைச் சிதைவென்று எவரும் இகழ்வதில்லை. கூத்துக்கு வழங்கும் அவ்வுரிமையைத் திரைக்கு மட்டும் மறுப்பது எங்ஙனம் முறையாகும்?

1957ஆம் ஆண்டில் தெலுங்கிலும் தமிழிலும் வெளிவந்த 'மாயா பஜார்' இதற்குத் தக்க சான்று. கே. வி. ரெட்டி இயக்கிய இப்படத்தின் கதை, அபிமன்யுவுக்கும் பலராமன் மகளுக்கும் நிகழும் திருமணத்தைப் பற்றியது. வியாச பாரதத்தில் இக்கதை இல்லை. மக்களின் வாய்மொழியிலும் நாடக மேடையிலும் வளர்ந்தது. பாண்டவர் குடும்பத்துக் கதையாயினும், பாண்டவர் ஐவருள் ஒருவரேனும் படத்தில் தோன்றுவதில்லை. ஏட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அளப்பவருக்கு இது பெருங்குறையாகத் தோன்றலாம். ஆனால், எஸ். வி. ரங்காராவ் நடித்த கடோற்கசனும், மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவும் உருவாக்கிய மாயவுலகம் தனக்கெனத் தகுந்த ஒழுங்குடன் நிற்கிறது. செல்வம் குன்றியதும் உறவை மறந்துவிடும் உலகியல்பை அது நகைச்சுவையோடு இடித்துரைக்கிறது. மூலத்தின் எழுத்து மாறினும் அறம் மாறவில்லை என்பதே அங்குக் கருதத்தக்கது.

இனி இரண்டாவது குற்றம். கண்டிக்குத் தெற்கேயுள்ள நாவலப்பிட்டியில் 1917ஆம் ஆண்டு பிறந்தவர் எம். ஜி. இராமச்சந்திரன். அவர் இளமையிலேயே தமிழகம் சென்று நாடகக் குழுவில் சேர்ந்து, பின்னர் திரையுலகில் புகழ்பெற்றார். 1958இல் அவர் தயாரித்து, முதன்முறையாக இயக்கி, இரட்டை வேடத்தில் நடித்த படம் 'நாடோடி மன்னன்'. ஆங்கில எழுத்தாளர் அந்தனி ஹோப் 1894இல் வெளியிட்ட 'செண்டாவின் கைதி' என்னும் நாவலின் சாயல் அதில் உண்டு. மூலக் கதையில் அரசனைப் போன்ற தோற்றமுடைய ஆங்கிலேயச் சீமான் ஒருவன் சிறிது காலம் முடி சூடி நடித்துவிட்டு, அரியணையை உரியவனிடம் ஒப்படைத்து நீங்குகிறான். தமிழ்ப் படத்திலோ அவ்விடத்தில் வருபவன் மக்களுக்காகப் போராடும் எளியவன். அரியணையில் அமர்ந்ததும் ஏழைகளுக்கு நலன்தரும் சட்டங்களை அறிவிக்கிறான். தழுவலின் மதிப்பு இம்மாற்றத்திலேயே அடங்கியுள்ளது.

இப்படம் வெளிவருவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னர், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருள் பெரும்பாலோர் நாடற்றவராக்கப்பட்டனர். அடுத்து வந்த சட்டங்களால் வாக்குரிமையும் அவர்கள் கையைவிட்டுப் போயிற்று. நாடில்லாத ஒருவன் நாடாள்வதாகக் கூறும் கதை, அத்தகைய மக்களுக்கு வாழ்க்கையை மறக்கச் செய்யும் கதையாகுமா? சட்டப் புத்தகத்தில் இல்லாத நீதியைக் கற்பனை ஒன்றே அன்று எடுத்துக்காட்டக் கூடியதாயிருந்தது. அதனை நாடியவர்களின் சுவையைத் தாழ்வானதென்று தள்ளிவிடுவது, அவர்தம் துயரையும் ஏக்கத்தையும் சேர்த்துத் தள்ளிவிடுவதாகும்.

எனினும், கற்பனை என்ற பெயர் எல்லாப் பிழைகளுக்கும் போர்வையாகிவிடாது. 1984இல் வெளியான 'இந்தியானா ஜோன்ஸ்' வரிசையின் இரண்டாவது படத்தின் வெளிப்புறக் காட்சிகள் பல கண்டிப் பகுதியிலேயே படமாக்கப்பட்டன. அதன் புகழ்பெற்ற கயிற்றுப் பாலமும் விக்டோரியா அணைக்கட்டுப் பகுதியில் அமைக்கப்பட்டதே. கதை நிகழ்வதோ இந்தியாவில். இந்திய அரசு கதையமைப்பில் மாற்றங்கள் கோரியமையாலேயே படப்பிடிப்பு இங்கு வந்தது. அப்படத்தின் தொழில்நுட்பத் திறமையை மறுப்பதற்கில்லை. ஆயினும் வாழும் மக்களின் வழிபாட்டையும் உணவையும் அருவருப்பாகக் காட்டியதை, 'மாயக் கதைதானே' என்று மன்னித்துவிடவும் இயலாது.

ஆகவே நடுவுநிலையாளர் கேட்கத்தக்க வினாக்கள் மூன்று. படம் தான் படைத்த உலகின் விதிகளுக்கு உண்மையாக இருக்கிறதா? மூலத்திலிருந்து விலகுமிடத்தில் புதிய பொருள் பிறக்கிறதா? மக்களைக் காட்டும் முறையில் அவர்களுக்கு மதிப்பளிக்கிறதா? கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய ஐந்து பாக நாவலான 'பொன்னியின் செல்வன்', 2022இலும் 2023இலும் இரு படங்களாக வந்தபோது எழுந்த வாதங்களுக்கும் இவ்வினாக்களே பொருந்தும். எந்த அத்தியாயம் விடுபட்டது என்று எண்ணுவது எளிது. விடுபட்டபின் எஞ்சியது உயிருடன் நிற்கிறதா என்று காண்பதே மதிப்பீட்டாளரின் கடமை.