காஸ்டெரப்டியன் ஃபிராக்மிட்டிகோலா

காஸ்டெரப்டியன் ஃபிராக்மிட்டிகோலா என்பது ஐரோப்பாவின் நாணற்படுகைகளில் வாழும் ஓர் அரிய குளவி இனமாகும். இதன் புழு, தனித்து வாழும் தேனீ ஒன்றின் கூட்டினுள் வளர்ந்து, தேனீயின் குஞ்சையும் அதற்கெனச் சேர்த்து வைக்கப்பட்ட உணவையும் உண்கிறது. அத்தேனீயோ ஓர் ஈ கைவிட்டுச் சென்ற நாணற்கழலையில் கூடு கட்டுகிறது. நாணல், ஈ, தேனீ என்னும் மூன்று உயிரினங்களையும் ஒருங்கே சார்ந்திருப்பதால், நாணற்படுகைக்கு நேரும் கேடு எதுவும் இக்குளவியைப் பாதிக்கும்.

பெயரும் வகைப்பாடும்

இவ்வினம் 2006 ஆம் ஆண்டில் செருமானியப் பூச்சியியலாளர் கிறிஸ்டோஃப் சவுரே என்பவரால் விவரிக்கப்பட்டது. நாணலின் பேரினப் பெயரான ஃபிராக்மைட்டிஸ் என்பதுடன், "வசிப்பது" எனப் பொருள்படும் இலத்தீன் ஈறு சேர்ந்து இப்பெயர் அமைந்தது. "நாணலில் வாழ்வது" என்பது இதன் பொருளாகும்.

இது ஹைமனோப்டெரா வரிசையில் காஸ்டெரப்டிடே குடும்பத்தைச் சேர்ந்தது. காஸ்டெரப்டியன் என்னும் பேரினத்தை 1796 ஆம் ஆண்டில் இலத்ரேய் நிறுவினார். எனினும், இப்பேரினத்தின் சில இனங்களை 1758 ஆம் ஆண்டிலேயே லின்னேயஸ் வேறொரு பேரினத்தின் கீழ் விவரித்திருந்தார்.

உடலமைப்பு

காஸ்டெரப்டியன் பேரினக் குளவிகளை எளிதில் அடையாளம் காணலாம். இவை மெலிந்த, கருநிற உடல் கொண்டவை. தலைக்கும் மார்புக்கும் இடையே கழுத்துப் போன்ற நீண்ட பகுதி உண்டு. வயிறு, மார்பின் அடிப்பகுதியில் இணையாமல் அதன் மேற்பகுதியில் இணைந்திருக்கும். பின்னங்கால்களின் கீழ்ப்பகுதி தடித்திருக்கும். பெண் குளவியின் வயிற்று நுனியிலிருந்து முட்டையிடும் குழல் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நீளம் இனத்துக்கு இனம் வேறுபடும். வளர்ந்த குளவிகள் பூந்தேன் உண்பவை.

வாழிடம்

இக்குளவியின் வாழ்க்கை, ஃபிராக்மைட்டிஸ் ஆஸ்ட்ராலிஸ் என்னும் நாணலில் தொடங்குகிறது. லிப்பாரா பேரினத்தைச் சேர்ந்த ஈக்கள் வளரும் நாணற்குருத்தில் முட்டையிடுகின்றன. புழு குருத்தைத் தாக்குவதால் தண்டின் நீட்சி நின்று, அதன் நுனி சுருட்டு வடிவில் தடிக்கிறது. இவ்வாறு பூச்சியின் தூண்டுதலால் செடியில் உண்டாகும் வீக்கம் கழலை எனப்படும். நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் மாசிக்காயும் இத்தகையதே. அது ஓக் மரத்தில் ஒருவகைச் சிறு குளவியால் உண்டாவது.

ஈ வெளியேறிய பின் கழலை வெற்றிடமாகிறது. ஹைலேயஸ் பெக்டோராலிஸ் என்னும் சிறு தேனீ அதனைத் தன் கூடாக்கிக் கொள்கிறது. ஹைலேயஸ் தேனீக்களுக்குக் காலில் மகரந்தம் சுமக்கும் மயிர்க்கற்றை இல்லை. ஆகவே மகரந்தத்தையும் தேனையும் இரைப்பையில் சுமந்து வந்து கூட்டறைகளில் கக்குகின்றன. அறைகளின் உட்புறத்தில் கண்ணாடித்தாள் போன்ற மெல்லிய படலத்தைப் பூசுகின்றன. கழலைகளில் வேறு சில தனித் தேனீக்களும் வேட்டைக் குளவிகளும் கூடு கட்டுவதுண்டு.

வாழ்க்கை முறை

பெண் குளவி தேனீக்கூடுகளைத் தேடிச் சென்று, முட்டையிடும் குழலைக் கூட்டினுள் செலுத்தி முட்டையிடுகிறது. வெளிவரும் புழு முதலில் தேனீயின் முட்டையை அல்லது புழுவை உண்டு, பின் அறையிலுள்ள மகரந்த உணவை உண்கிறது. சிறு தேனீயின் ஓர் அறையில் உள்ள உணவு போதாதபோது அடுத்த அறைகளுக்குள்ளும் அது புகக்கூடும்.

பெரும்பாலான ஒட்டுண்ணிக் குளவிகள் ஓம்புயிரின் உடலை மட்டுமே உண்டு வளர்பவை. காஸ்டெரப்டியன் புழுவோ இறைச்சியுணவில் தொடங்கி மகரந்த உணவில் முடிக்கிறது. எனவே இதனை ஒட்டுண்ணி என்பதைவிடக் கூட்டைக் கொள்ளையிடும் கொன்றுண்ணி எனல் பொருந்தும். இக்குளவி உட்பட, நாணற்கழலைகளில் வளரும் காஸ்டெரப்டியன் இனங்களின் முதிர்ந்த புழுக்களைப் பற்றிய விரிவான ஆய்வு 2018 ஆம் ஆண்டில் வெளியானது.

ஒரு தண்டின் காலக்கணக்கு

ஒரு நாணற்தண்டு இக்குளவிக்குப் பயன்படக் குறைந்தது பின்வரும் காலம் தேவைப்படுகிறது:

- முதல் கோடை: ஈ முட்டையிடுகிறது, கழலை உருவாகிறது.
- முதல் குளிர்காலம்: ஈயின் புழு கழலைக்குள் தங்குகிறது.
- இரண்டாம் ஆண்டு: ஈ வெளியேறிய பின், கோடையில் தேனீ கூடு கட்டுகிறது, குளவி முட்டையிடுகிறது.
- இரண்டாம் குளிர்காலம்: முழு வளர்ச்சியடைந்த குளவிப்புழு கூட்டினுள் தங்குகிறது.
- மூன்றாம் ஆண்டு: கோடையில் வளர்ந்த குளவி வெளிவருகிறது.

அதாவது, பட்டுப்போன தண்டு இரண்டு குளிர்காலங்களைக் கடந்து நிற்க வேண்டும்.

அச்சுறுத்தலும் பாதுகாப்பும்

ஐரோப்பாவில் கூரை வேய்வதற்காகவும் படுகைகளைச் சீராக்குவதற்காகவும் குளிர்காலத்தில் நாணல் அறுக்கப்படுகிறது. அறுவடையால் நாணல் அழிவதில்லை. வேரிலிருந்து மீண்டும் தளிர்க்கிறது. ஆனால் ஒரு படுகை முழுவதும் ஆண்டுதோறும் அறுக்கப்பட்டால், கழலைகளும் அவற்றினுள் உறங்கும் ஈ, தேனீ, குளவி ஆகியவையும் தண்டோடு அகற்றப்படுகின்றன. பார்வைக்குப் பசுமையாக இருக்கும் படுகை இக்குளவிக்கு வெறுமையாகி விடுகிறது. பழைய நாணலை எரிப்பதும் ஈரநிலங்களை வேளாண்மைக்காக வடிப்பதும் இதே விளைவைத் தருகின்றன.

லிப்பாரா ஈக்கள் மெலிந்த தண்டுகளையே பெரிதும் நாடுகின்றன. இத்தகைய தண்டுகள் படுகையின் வறண்ட ஓரங்களில் மிகுதி. பயனற்றவையாகக் கருதப்படும் இவ்வோரங்களே பெரும்பாலும் முதலில் அழிக்கப்படுகின்றன.

செக் குடியரசின் ஆய்வாளர்கள் 2014 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, நாணற்கழலைகள் தேனீக்களுக்கும் குளவிகளுக்கும் இன்றியமையாத, ஆனால் உரிய கவனம் பெறாத வளம் என எடுத்துக்காட்டியது. படுகையைப் பகுதிகளாகப் பிரித்துச் சுழற்சி முறையில் அறுப்பதும், ஓரங்களில் பழைய தண்டுகளைப் பல ஆண்டுகள் விட்டுவைப்பதும் இவ்வினங்களைக் காக்க உதவும்.

இவற்றையும் பார்க்க

- ஈரநிலம்
- தனித்து வாழும் தேனீக்கள்
- மாசிக்காய்