வடகம் காயும் டிஷ்

பாபநாசத்தில் எங்கள் அத்தை வீட்டு மொட்டை மாடியில் எட்டடி விட்டத்துக்கு ஒரு டிஷ் ஆன்டெனா கிடக்கிறது. மாமா தொண்ணூறுகளில் கேபிள் டிவி நடத்தினார். தொழில் கைமாறிப் போனது, மாமாவும் போய்விட்டார், டிஷ் மட்டும் மிச்சம். நடுவில் இருந்த கம்பியையும் கொம்பையும் யாரோ கழற்றி எடைக்குப் போட்டுவிட்டார்கள். அத்தை அதில் வெள்ளை வேட்டியை விரித்து வடகம் பிழிகிறார். "காக்கா வந்தா வழுக்குதுடா, இதவிட வாட்டமான எடம் ஏது?" என்பது அவர் கட்சி.

சின்ன வயதில் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ஆங்கிலப் படங்களில் வரும் டிஷ்கள் எல்லாம் அடிவானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும். எங்கள் ஊரில் சில டிஷ்கள் மட்டும் அண்டாவைப் போல ஏன் மல்லாந்து படுத்திருக்கின்றன? விடை கல்லூரியில் கிடைத்தது. புவிநிலைச் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கின்றன. பாபநாசம் நிலநடுக்கோட்டிலிருந்து வெறும் 11 பாகை வடக்கே இருக்கிறது. நம் இன்சாட்களில் பல நம் தீர்க்கரேகைக்குப் பக்கத்திலேயே நிறுத்தப்பட்டவை. ஆக, டெல்டாக்காரனுக்கு அவை கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல். லண்டன்காரன் கழுத்தைச் சாய்த்துத் தேட வேண்டியதை நாம் பாயில் படுத்தபடியே பார்க்கலாம்.

2025 ஜூனில் ஸ்டார்லிங்க் நிறுவனத்துக்கு இந்தியத் தொலைத்தொடர்புத் துறை உரிமம் கொடுத்த செய்தி வந்த வாரம், அப்பா போனில் கேட்டார். "ஏண்டா, வானத்துலேர்ந்து நேரா வீட்டுக்கே இன்டர்நெட் வருமாமே. நம்ம வீட்டுக்கு வருமா?" அவர் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. 2020 ஊரடங்கில் நான் எட்டு மாதம் ஊரிலிருந்து வேலை பார்த்தேன். மூங்கில் கழியில் போனைக் கட்டி மாடியில் நட்டு, அதிலிருந்து ஹாட்ஸ்பாட் இழுத்து, அமெரிக்காக்காரனோடு ராத்திரி மீட்டிங். மழை வந்தால் கழியைப் பிடுங்கிக்கொண்டு கீழே ஓட வேண்டும். அந்தக் கூத்தையெல்லாம் பார்த்தவர் அப்பா.

வரும் என்று ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஆனால் வானத்திலிருந்து நேராகக் கிராமத்துக்கு என்ற இந்த வாக்கியத்துக்கு ஐம்பது வயதாகிறது. அதைச் சொன்ன ஒவ்வொரு முறையும் "நேராக" என்ற சொல்தான் சிக்கலில் மாட்டியிருக்கிறது.

முதல் முறை 1975. நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை ஓராண்டுக்கு இரவல் வாங்கி, ஆகஸ்ட் 1 முதல் ஆறு மாநிலங்களின் சுமார் 2,400 கிராமங்களுக்கு இஸ்ரோ தொலைக்காட்சி ஒளிபரப்பியது. சைட் என்று பெயர். விக்ரம் சாராபாய் கண்ட கனவு. அதைப் பார்க்க அவர் இல்லை. கோழிக்கூண்டு வலையை வளைத்துச் செய்த மூன்று மீட்டர் ஆன்டெனா, பஞ்சாயத்துக் கட்டடத்திலோ பள்ளிக்கூடத்திலோ ஒரு பெட்டி, அதன் முன்னால் ஊர். இந்தி, ஒடியா, தெலுங்கு, கன்னடம் ஆகிய மொழிகளில் நிகழ்ச்சிகள். அந்த ஆறில் தமிழ்நாடு இல்லை. அந்தப் பெட்டிகளில் ஒன்று நமக்குக் கூப்பிடு தூரத்தில், கொழும்பில் இருந்தது. புவிநிலைச் செயற்கைக்கோள்களைத் தகவல் தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று 1945-லேயே கட்டுரை எழுதிய ஆர்தர் சி. கிளார்க் அங்கேதான் குடியிருந்தார். இஸ்ரோ பொறியாளர்கள் போய் அவர் வீட்டில் ஓர் ஆன்டெனாவை நட்டுக் கொடுத்துவிட்டு வந்தார்கள். யோசனை சொன்னவருக்குச் செய்த மரியாதை.

1976 ஜூலை 31-ஆம் தேதியோடு ஒப்பந்தம் முடிந்தது. ஏடிஎஸ்-6 மறுபடி அமெரிக்கப் பக்கம் நகர்த்தப்பட்டது. ஓராண்டு பழகிய பெட்டி ஒருநாள் மாலை இருண்டு போனதை அந்த ஊர்க் குழந்தைகளிடம் எப்படி விளக்கியிருப்பார்கள் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். சர்வர் எங்கோ இருக்கிறது, அது நம்முடையது இல்லை என்பதை என் தொழிலில் மாதம் ஒருமுறையாவது யாருக்காவது விளக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாம் முறை நம் பக்கம் வந்தது. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதனின் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் நடுவம். அங்கிருந்து கம்பியில்லாக் கருவிகள் வழியாக மற்ற ஊர்களுக்குத் தகவல் போகும். எனக்குப் பிடித்தது அவர்கள் வைத்த நிபந்தனை: மையம் தனியார் வீட்டில் இருக்கக்கூடாது, பொது இடமாக இருக்க வேண்டும், எந்தச் சாதிக்காரரும் உள்ளே வரலாம். கேபிள் இழுப்பதைவிடக் கடினமான வேலை அதுதான் என்று டெல்டாவில் வளர்ந்த எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

வீராம்பட்டினம் மீனவர் ஊர். அங்கே மையத்தில் இருப்பவர்கள் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை இறக்கி, தமிழில் எழுதி, ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். அலை பல்லாயிரம் மைல் சுற்றி வந்த தகவல், கடைசி இருநூறு மீட்டரை ஒரு குழாய் ஸ்பீக்கரில் கடந்தது. 2004 டிசம்பர் 26 அன்று காலை கடல் உள்ளே வந்தபோது, அதே ஒலிபெருக்கிகளில்தான் மக்களை ஓடச் சொல்லிக் கத்தினார்கள். பக்கத்து நல்லவாட்டில் எச்சரிக்கை வந்தது எந்த மென்பொருளிலிருந்தும் இல்லை. சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் வீட்டுக்குப் பேசிய போன் அது. ஆனால் அந்த ஒரு போனை ஊர் முழுக்கச் சொல்ல மைக் இருந்தது. அதை எங்கே எப்படிப் போடுவது என்று தெரிந்த ஆளும் இருந்தார்.

சுனாமிக்கு இரண்டு மாதம் முன்னால், 2004 அக்டோபர் 18 அன்று, இஸ்ரோவும் சுவாமிநாதன் நிறுவனமும் சேர்ந்து கிராம வள மையங்களைத் தொடங்கின. பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கி வைத்தார். சென்னை நிறுவனத்தோடு செயற்கைக்கோள் வழியே இணைக்கப்பட்ட முதல் மூன்று ஊர்கள்: திண்டுக்கல் பக்கம் செம்பட்டி, ராமேஸ்வரத் தீவில் தங்கச்சிமடம், எங்களுக்கு முக்கால் மணி நேரப் பயணத்தில் திருவையாறு. தியாகராஜர் ஆராதனைக்குப் பேர் போன ஊரில் விசாட் டிஷ். உழவர்கள் வந்து உட்கார்ந்து, சென்னையில் இருக்கும் வல்லுநரிடம் திரையில் கேள்வி கேட்கலாம்.

அப்பா ஒருமுறை நண்பர்களோடு போய் வந்தார். குருத்துப்பூச்சி பற்றிக் கேட்கப் போனது. திரும்பி வந்து அவர் சொன்னது பூச்சியைப் பற்றி இல்லை. "நான் பேசி முடிச்சேனா இல்லியான்னு அவருக்குத் தெரியல. அவர் ஆரம்பிக்கையில நானும் ஆரம்பிச்சுடறேன். ரெண்டு பேரும் நிறுத்துறோம். மறுபடி ரெண்டு பேரும் ஆரம்பிக்கிறோம். சம்பந்தி மரியாதை மாதிரி போயிட்டிருந்துது."

அந்தச் சம்பந்தி மரியாதைக்குக் கணக்கு உண்டு. அப்பாவின் குரல் 35,786 கிலோமீட்டர் ஏறி, அதே தூரம் இறங்கிச் சென்னைக்குப் போக வேண்டும். பதிலும் அப்படியே ஏறி இறங்கித் திரும்ப வேண்டும். மொத்தம் ஒரு லட்சத்து நாற்பத்து மூவாயிரம் கிலோமீட்டர். ஒளி எவ்வளவு வேகமாக ஓடினாலும் கிட்டத்தட்ட அரை விநாடி ஆகும். எந்தப் பொறியாளனும் அதைக் குறைக்க முடியாது. டிவி பார்க்க அரை விநாடி ஒரு பொருட்டில்லை. பேச்சுக்கு அது சங்கடம். இணையப் பக்கங்களுக்கோ ரோதனை, ஏனென்றால் ஒரு பக்கம் திறக்க இந்தப் போய்வரல் பல தடவை நடக்கும்.

பூச்சிக்கு மருந்து சொன்னார்களா என்று கேட்டேன். சொன்னார்களாம். "ஆனா அங்க வந்தவன்ல பாதிப் பேரு கேட்டது ஒண்ணுதான். தண்ணி எப்ப வரும்?" 2002, 2003, 2004 என்று மூன்று ஆண்டும் ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கவில்லை. குறுவை போனது. எங்கள் ஊர்த் திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று கவிழ்த்த கும்பம் போல நிற்கிறது. அதை நிரப்பிய ஊர், குடமுருட்டியில் மணலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் குடகு மழையிலும் நீதிமன்றத்திலும் இருந்தது. எந்த டிஷ்ஷும் அதைத் தராது. இதை வைத்து அந்தத் திட்டம் வீண் என்று சொல்ல மாட்டேன். உழவனுக்குத் தகவல் இல்லை, கொடுத்தால் தேறிவிடுவான் என்று நகரத்தில் உட்கார்ந்து நினைப்பது எவ்வளவு எளிது என்று மட்டும் சொல்வேன். என் கூட வேலை பார்ப்பவர்கள் இன்றும் இதே நினைப்பில் வருடத்துக்கு ஒரு செயலி எழுதுகிறார்கள்.

இந்த மையங்கள் பிறகு நாடு முழுக்க நானூற்றுக்கும் மேல் பெருகின. கையில் இருக்கும் போனில் தரவு மலிவானதும் அவற்றின் பேச்சு தேய்ந்தது. 2016-க்குப் பிறகு எல்லார் பையிலும் ஒரு மையம். வாசித்துச் சொல்ல ஆள் தேவையில்லை என்று நினைத்தோம்.

2018 நவம்பர் 14 அன்று மாலை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜிஎஸ்எல்வி மார்க்-3 ஏறியது. சுமந்தது 3,423 கிலோ எடையுள்ள ஜிசாட்-29. தொலைதூரப் பகுதிகளுக்குத் தகவல் தொடர்பு கொடுப்பதற்கென்றே செய்தது. வங்கக் கடலில் கஜா புயல் சுழன்றுகொண்டிருந்ததால் ஏவ முடியுமா என்று கடைசிவரை கவலை. நல்லபடியாக ஏறியது. ஒருநாள் கழித்து, 16-ஆம் தேதி நள்ளிரவு தாண்டி, அதே கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. டவர்கள் விழுந்தன, விழாதவற்றில் டீசல் தீர்ந்தது.

எங்களுக்குப் பெரிய அடி இல்லை. பேராவூரணி பக்கம் இருந்த சின்ன அத்தையிடமிருந்து ஆறு நாள் ஒரு தகவலும் இல்லை. அப்பா மோட்டார் சைக்கிளில், விழுந்த தென்னைகளைச் சுற்றிச் சுற்றிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். எல்லோரும் நலம், மரம் ஒன்றுகூட இல்லை. நான் பெங்களூரில் உட்கார்ந்து ஜிசாட்-29 சுற்றுப்பாதையில் உயர்த்தப்படும் செய்தியை வாசித்துக்கொண்டிருந்தேன். அந்தச் செயற்கைக்கோள் முதன்மையாகக் காஷ்மீருக்கும் வடகிழக்குக்கும் ஆனது, அதன் மேல் பழி இல்லை. ஆனாலும் தலைக்கு மேல் அத்தனை இருக்க, கீழே ஒரு நலமா என்ற சொல் 70 கிலோமீட்டர் கடக்க ஒரு டிவிஎஸ் வண்டி வேண்டியிருந்தது. தனிமனிதர் அனுமதியில்லாமல் சாட்டிலைட் போன் வைத்திருப்பது இந்தியாவில் குற்றம் என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. மலையேறப் போகிற வெளிநாட்டார் சிலர் இது தெரியாமல் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

இப்போதைய செயற்கைக்கோள்கள் வேறு சாதி. ஏறக்குறைய 550 கிலோமீட்டர் உயரத்தில் ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. அரை விநாடி நூறில் ஒரு விநாடிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. மற்றத் தாமதமெல்லாம் சேர்ந்தாலும் பேச்சு இடறாது. கஜா போல ஒன்று வந்தால், ஒரு பேட்டரியும் ஒரு தட்டும் இருக்கும் வீடு உலகத்தோடு பேசும். இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பெட்டி பஞ்சாயத்தில் இருந்தது, மையம் பொது இடத்தில் இருந்தது. இந்தத் தட்டு காசு கட்டுகிறவர் கூரையில் இருக்கும். புயலன்று அந்த வீட்டுத் திண்ணையில் யார் யார் ஏறலாம் என்பதை நிறுவனத்தின் ஒப்பந்தம் சொல்லாது. அதைத் தெரு தீர்மானிக்கும், எங்கள் தெரு எப்படித் தீர்மானிக்கும் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்று, இவை ஓரிடத்தில் நிற்பதில்லை. மாமாவின் டிஷ் ஒரே புள்ளியைப் பார்த்தால் போதும், இரண்டு தென்னைக்கு நடுவே ஒரு சந்து கிடைத்தால் போதும். புதிய தட்டுக்கு ஏறக்குறைய நூறு பாகை அகலத்துக்கு வானம் திறந்திருக்க வேண்டும், ஓடுகிற ஒன்றை விட்டு அடுத்ததைப் பிடிக்க.

இதை அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. கொல்லையில் பதினோரு தென்னை, தாத்தா வைத்தது.

"எத்தன மரம் மறைக்கும்?"

"வடக்குப் பக்கம் மூணாவது மறைக்கும்பா."

"அத்த மாடியில?"

அங்கே மரம் இல்லை. டிஷ்தான் இருக்கிறது. "அத எடுத்துட்டா வடகத்த எங்க காயப்போடுவாங்கறது ஒன் பிரச்சன, நீயே பேசிக்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.