காக்கிப் பழமும் பனிச்சை மரமும்

மொன்றியல் நகரின் ஜான்-டலோன் சந்தைக்கு ஒக்ரோபர் மாதக் கடைசியில் ஒரு பழம் வரத் தொடங்கும். பார்வைக்குத் தக்காளி போல இருக்கும். நிறம் செவ்விளநீரின் நிறம். காம்படியில் நாலு காய்ந்த புல்லிகள் விரிந்திருக்கும். பிரெஞ்சுக்காரரும் இத்தாலியரும் அதைக் 'காக்கி' என்கிறார்கள். அந்தச் சொல் முதன்முதலில் காதில் விழுந்தபோது எங்களுக்குப் பழமெதுவும் நினைவுக்கு வரவில்லை. பொலிஸ்காரனின் உடுப்புத்தான் வந்தது. வாங்கிய கையோடு ஒன்றைக் கடித்தோம். பச்சை வாழைக்காயைக் கடித்ததுபோல வாய் முழுவதும் கயர்த்தது. தராசுக்குப் பின்னால் நின்ற இத்தாலியக் கிழவி சிரித்துவிட்டு, கைகளால் பொத்திப் பிசைந்து காட்டினார். கனிந்து குழைந்த பின்னர்தான் தின்ன வேண்டுமாம்.

அந்தக் கயர்ப்பு எங்களுக்குப் புதிதல்ல என்பதை அறியப் பல வருடங்கள் சென்றன. காக்கி மரம் தாவரவியலில் டயோஸ்பைரோஸ் என்ற இனத்தைச் சேர்ந்தது. கிழக்கிலங்கைக் காடுகளின் கருங்காலியும் அதே இனம். பீடி சுற்றுகிற இலையும் அதே இனம். வாகரைப் பக்கத்துப் பனிச்சங்கேணிக்குப் பெயர் கொடுத்த பனிச்சை மரமும் அதே இனந்தான். தமிழ்நாட்டில் இந்தப் பழத்துக்குச் 'சீமைப் பனிச்சை' என்று பெயர் எழுதுகிறார்கள். பனிச்சங்காயை இடித்து ஊறவைத்த சாற்றில் எங்கள் கடற்றொழிலாளர் பருத்தி நூல் வலைகளைத் தோய்த்துக் காயவிடுவர். உப்பு நீரில் வலை உழுத்துப் போகாது. யப்பானில் பச்சைக் காக்கிக் காயின் சாற்றைப் புளிக்கவைத்து மீன்வலைக்கும் காகிதக் குடைக்கும் பூசினார்கள். இரண்டு கரைகளில், ஒருவரை ஒருவர் அறியாத மீனவர்கள், ஒரே குடும்பத்து மரத்தின் கயரை ஒரே வேலைக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நைலோன் வலை வந்ததோடு எங்கள் கரையில் அது மறைந்தது.

சந்தையின் கதையையும் சொல்ல வேண்டும். அந்த இடம் முன்னர் ஷாம்ரொக் என்ற ஐரிஷ் விளையாட்டுக் கழகத்தின் மைதானம். அந்தப் பெயர் பக்கத்துத் தெருவில் இன்னும் இருக்கிறது. பெருமந்த காலத்தில், 1933இல், அது 'வடக்குச் சந்தை' என்ற பெயரில் திறக்கப்பட்டது. எண்பதுகளின் தொடக்கத்திற்றான் ஜான்-டலோன் என்ற பெயர் வந்தது. ஜான் டலோன் புதிய பிரான்சுக்கு 1665இல் வந்த அரச நிர்வாகி. 1666இல் அவர் எடுத்த குடிக்கணக்கில் அந்தப் பெருநிலத்தில் இருந்த ஐரோப்பியக் குடியேறிகள் 3,215 பேர் மாத்திரமே. சுதேச மக்கள் அந்தக் கணக்கில் இல்லை. குடிக்கணக்குகள் யாரைச் சேர்க்கும், யாரை விடும் என்பது எங்களுக்குத் தெரியாத விடயமல்ல.

சந்தையைச் சுற்றியிருப்பது இத்தாலியக் குடியிருப்பு. 1986 ஓகஸ்ட் 11ந் திகதி நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளிலிருந்து 155 தமிழர் மீட்கப்பட்டார்களே, அவர்களில் பலர் வந்து சேர்ந்த நகரங்களில் ஒன்று மொன்றியல். அதற்கு முன்னும் பின்னும் விமானத்தில் வந்தவர்கள் இன்னும் பலர். ஜான்-டலோன் தெருவின் மேற்கே பார்க் எக்ஸ்ரென்ஷனில் வாடகைக்கு இருந்த நாங்கள், சனிக்கிழமை பின்னேரங்களில் மலிவாகப் போடும் மிளகாய்ப் பெட்டிக்காகவும் கத்தரிக்காய்க்காகவும் அங்கு போனோம். போன இடத்திற்றான் இத்தாலியரின் அத்தி மரங்களைப் பற்றி அறிந்தோம். கலாப்ரியாவிலிருந்தும் சிசிலியிலிருந்தும் கொண்டுவந்த தடிகளை நட்டு வளர்த்து, பனிக்காலம் வருமுன் ஒரு பக்கத்து வேரை வெட்டி, மரத்தைச் சரித்து, குழியில் மண்ணால் மூடிவிடுவார்கள். வசந்தத்தில் தோண்டி நிமிர்த்துவார்கள். மற்றவர்கள் சாடியில் வைத்து நிலவறைக்குள் இறக்குவார்கள்.

அப்படி ஒரு நிலவறையிற்றான் நாங்கள் காக்கி மரத்தை முதலில் கண்டோம். எங்கள் தெருவில் இருந்த ஒரு கிழவர், கட்டிட வேலை செய்து ஓய்ந்தவர், சாடியில் ஒரு ஃபுயு மரம் வைத்திருந்தார். ஃபுயு, கடிக்கும்போதே கயர்க்காத வகை. ஹச்சியா முதலியன கனிந்தாற்றான் கயர் விடும். சந்தைக்கு வருகிற ஸ்பானியப் பழங்களில் பெரும்பகுதி வலன்சியாப் பக்கத்து 'ரோஹோ பிரில்லாந்தே'. அதுவும் கயர்க்கும் வகையே. கரியமில வாயு நிரப்பிய அறையில் அடைத்து வைத்துக் கயரைப் போக்குகிறார்கள். எங்கள் வீடுகளில் வாழைக்குலையைக் கிடங்கில் வைத்துப் புகை போட்டதற்கு இது தூரத்து உறவு.

காக்கியின் விதையைப் போட்டால் தாய்ப்பழம் கிடைக்காது, ஒட்டத்தான் வேண்டும். யப்பானியக் காக்கி மொன்றியல் குளிரைத் தாங்காது. வட அமெரிக்காவின் சொந்தக் காக்கி, வேர்ஜினியா இனம், கடுங்குளிரைத் தாங்கும். 'பெர்சிம்மன்' என்ற ஆங்கிலச் சொல்லே வேர்ஜினியாவின் ஆதிக்குடிகளுடைய மொழியிலிருந்து வந்தது. அதன் வேரில் ஃபுயுவின் கிளையை ஒட்டலாம். 'லோட்டஸ்' என்ற வேறொரு இனத்தின் வேரில் ஃபுயு சரிவரச் சேராது. ஒரே குடும்பம் என்பதால் எல்லா வேரும் எல்லாக் கிளையையும் ஏற்றுக்கொள்ளும் என்றில்லை. ஒட்டிய மரமும் சாடியில் நின்று, குளிர்காலத்தில் உறைநிலைக்குச் சற்று மேலான இருட்டறையில் உறங்க வேண்டும்.

கிழவர் கற்றுத்தந்த முறை இது. பெப்ரவரியில், மரம் உறங்கும்போது, பென்சில் தடிப்பில் தடி வெட்டி, ஈரக் கடதாசியில் சுற்றிப் பொலித்தீன் பையிலிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். மே மாதம் வேர்க்கன்றின் அரும்புகள் விரியத் தொடங்கியதும், கன்றையும் தடியையும் ஒரே சாய்வில் ஒன்றரை அங்குல நீளத்துக்கு வெட்டி, வெட்டிலே ஒரு நாக்குக் கீறி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருக வேண்டும். பட்டைக்கும் காழுக்கும் இடையிலுள்ள பச்சைக் கோடு, பாடப்புத்தகத்தில் மாறிழையம் என்று படித்தோமே அது, ஒரு பக்கமாவது நேருக்கு நேர் பொருந்த வேண்டும். பிறகு காற்றுப் புகாமல் நாடாவால் இறுகச் சுற்ற வேண்டும். காக்கியில் மேலும் ஒரு கரைச்சல் உண்டு. வலையைக் காத்த அதே கயர், வெட்டிய முகத்தைச் சொற்ப நேரத்தில் கறுக்கப் பண்ணிவிடும். கை தாமதித்தால் ஒட்டாது.

முதல் வருடம் கறிக்கத்தியால் ஐந்து கன்றில் ஒட்டினோம். நாலு கருகின. அடுத்த வருடம் ஒரு பக்கம் மாத்திரம் தீட்டிய ஒட்டுக்கத்தி வாங்கி, வேலித்தடிகளில் பழகி, பிறகு ஒட்டினோம். ஐந்தில் மூன்று பிடித்தன. ஒட்டுக்குக் கீழே வேரிலிருந்து வரும் முளைகளைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்று கிழவர் திரும்பத் திரும்பச் சொன்னார். விட்டால் வேர் தன் சொந்த மரத்தை வளர்த்து, மேற்கிளையைச் சாகவிடும்.

ஒட்டும் கலை எங்கள் பக்கத்துக்கு அந்நியமானதல்ல. ஆறாம் நூற்றாண்டின் வராகமிகிரர் பிருகத்சம்ஹிதையில் மர வைத்தியம் சொல்லும் இடத்தில் பலா, மாதுளை முதலியவற்றைச் சாணம் பூசி இன்னொரு மரத்தில் பொருத்தும் முறையை எழுதியிருக்கிறார். கோவாவில் போர்த்துக்கேயர் மா ஒட்டைப் பரப்பினர். யாழ்ப்பாணத்துக் கறுத்தக்கொழும்பானையும் ஒட்டாக எத்தனையோ வளவுகளில் நட்டார்கள். வலிகாமம் வடக்கில் எங்கள் பெரியையா தாய்மரத்தின் கிளைகளுக்குப் பக்கத்தில் பரண் கட்டி, சட்டிக்கன்றுகளை ஏற்றி, கிளையோடு கன்றைச் சேர்த்துக் கட்டுவார். மரம் முழுவதும் சட்டிகள் தொங்கும். நாங்கள் அதன் கீழே கதிரை போட்டுச் சோதனைக்குப் படித்தோம். "இஞ்ச வந்து ஒருக்கா இந்தக் கயிற்றைப் பிடியடா தம்பி" என்று அவர் கேட்டால், படிக்கிற பிள்ளையைக் குழப்ப வேண்டாம் என்று வீட்டிலிருந்து பதில் போகும். கத்தி பிடித்த கையை அரசாங்க உத்தியோகத்துக்குத் தடையென்று நினைத்த சமூகம் எங்களுடையது. அவரிடம் அரை மணித்தியாலத்தில் படித்திருக்கக் கூடியதை, ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, அரைகுறைப் பிரெஞ்சில், ஒரு இத்தாலியரிடம் படித்தோம். நாங்கள் கேட்கத் தொடங்கியபோது பெரியையா இல்லை.

1990இல் அந்தக் கிராமங்கள் இடம்பெயர்ந்து உயர்பாதுகாப்பு வலயமாகின. 2009க்குப் பின்னர் காணிகள் துண்டு துண்டாக விடுபட்டன. எங்களுடையது விடுபட்டபோது போய்ப் பார்த்தோம். வீடு இல்லை; கிணறு தூர்ந்திருந்தது. மாமரம் நின்றது. இவ்வளவு காலத்துக்குப் பிறகும் நிற்கிறதே என்று பழத்தைப் பறித்துக் கடித்தால் புளிப்பு, நார். குனிந்து அடியைப் பார்த்தபோதுதான் விளங்கியது. ஒட்டிய மேல்மரம் எப்போதோ முறிந்து உழுத்துப் போயிருக்கிறது. கிள்ள ஆளில்லாமல் வேரின் முளைகள் நாலு மரமாக எழும்பியிருக்கின்றன. மொன்றியலில் கத்தி பிடித்திராவிட்டால் இதையே எங்கள் கறுத்தக்கொழும்பான் என்று நம்பி, மண் கெட்டுப்போனது, பழம் மாறிவிட்டது என்று எழுதியிருப்போம்.

சந்தையில் குவிந்து கிடக்கும் மக்கின்ரொஷ் அப்பிளின் கதை அப்போது நினைவுக்கு வந்தது. ஒன்ராறியோவின் டன்டெலாவில் 1811இல் ஜோன் மக்கின்ரொஷ் பற்றைக்குள் கண்ட ஒரு மரம் அது. அவருடைய மகன் அலன் 1835 அளவில் ஒட்டப் படித்தார். தாய்மரம் 1894இல் வீடு தீப்பற்றியபோது ஒரு பக்கம் கருகி, 1910இல் விழுந்தது. ஆனால் உலகத்திலுள்ள மக்கின்ரொஷ் எல்லாம் அந்த மரத்தின் தடிகளே. தாய்மரத்தின் ஆயுள், அதிலிருந்து தடி வாங்கிப்போனவர்களின் கையில் இருக்கிறது.

பெரியையா எண்பதுகளில் வவுனியாவிலிருந்த மருமகளுக்கு ஒரு ஒட்டுக்கன்று கொடுத்திருந்தார். அது நிற்கிறது, காய்க்கிறது. அடுத்த முறை போனபோது அதில் தடிகள் வெட்டி, ஈரச்சாக்கில் சுற்றி, பஸ்ஸில் கொண்டுபோய், வேர்முளைகள் நாலிலும் ஒட்டினோம். பக்கத்து வளவுப் பொடியன் ஒருவன் கயிற்றைப் பிடித்தான். அவனைச் சும்மா பிடிக்கவிடாமல் நாலாவது ஒட்டை அவன் கையாலேயே வெட்டச் செய்தோம். இரண்டு மாதத்தின் பின் தொலைபேசியில் சொன்னான்: "அண்ணை, உங்கட மூண்டில ஒண்டுதான் பிடிச்சிருக்கு. நான் வெட்டினது தளிர்விட்டிட்டுது. கீழ வாற முளையளைக் கிள்ளிக்கொண்டு வாறன்."