கட்டடம் இல்லாத ஒரு சங்கம்



வரலாறு என்ற சொல்லைக் கேட்டவுடன் மன்னர்களும் போர்க்களங்களும் உடன்படிக்கைகளும் நம் நினைவுக்கு வருகின்றன. முப்பத்தைந்து ஆண்டுக் காலம் வகுப்பறையில் நானும் அவற்றையே மிகுதியாகச் சொல்லி வந்தேன். பாடத்திட்டம் அவ்வாறு அமைந்திருந்தது. இன்று நான் கூற விரும்புவது ஒரு சிற்றூர்ச் சங்கத்தின் வரலாறு. அச்சங்கத்தார் நாடு எதனையும் வெல்லவில்லை. கட்டடம் கூட எழுப்பவில்லை. ஆண்டுதோறும் இளவேனில் பிறந்ததும் ஒன்றுகூடி ஆற்றங்கரையிலும் காட்டிலும் கடற்பாறையிலும் நடந்தார்கள். கண்டவற்றை இடமும் தேதியும் குறித்து எழுதி வைத்தார்கள். அந்த எழுத்துக்கு என்ன மதிப்பு உண்டாயிற்று என்பதே இப்பேச்சின் பொருள்.

ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடையே சிறிது தூரம் எல்லைக்கோடாக ஓடிக் கடலில் கலப்பது ட்வீட் ஆறு. அதன் முகத்துவாரத்தில் உள்ளது பெரிக் என்னும் பழைய கோட்டை நகரம். ஆங்கிலத்தில் அதன் நடுவே ஓரெழுத்தை எழுதிவிட்டு, சொல்லும்போது விழுங்கிவிடுவார்கள்! அந்நகரில் மருத்துவராய் இருந்தவர் ஜார்ஜ் ஜான்ஸ்டன். 1797-இல் பிறந்தவர். நோயாளிகளைப் பார்க்கக் கிராமம் கிராமமாகச் செல்ல வேண்டிய தொழில். செல்லும் வழியெல்லாம் செடிகொடிகளையும், கடலோரத்தில் பவளப் பூச்சிகளையும் புழுக்களையும் சிப்பிகளையும் ஆராய்ந்தார். 1838-இல் அவர் வெளியிட்ட பிரிட்டனின் கடல்வாழ் தாவர விலங்குகள் பற்றிய நூல் அக்காலத்தில் பெரும் புகழ் பெற்றது. அந்நூலுக்குப் படங்கள் வரைந்து உதவியவர் அவருடைய மனைவி கேதரின். இதனைச் சொல்லாமல் விடுவது முறையன்று.

இயற்கையைக் காணக் கூட்டமாய்ச் செல்லும் வழக்கத்தை ஜான்ஸ்டன் புதிதாகத் தொடங்கினார் என்று எண்ணிவிட வேண்டா. சுவீடன் நாட்டு உப்சாலாவில் 1741-இல் பேராசிரியரான லின்னேயஸ், மாணவர் பலர் புடைசூழ ஊரைச் சுற்றிலும் எட்டு வழிகளில் தாவரம் தேடிச் சென்றார். திரும்பும்போது கொம்பும் முரசும் முழங்க, "லின்னேயஸ் வாழ்க" என்று ஆரவாரம் செய்துகொண்டு ஊருக்குள் வருவார்களாம். பார்க்க அழகிய காட்சிதான். ஆயினும் அங்கே பேசுகிறவர் ஒருவர்; கேட்கிறவர் மற்றெல்லாரும். நானும் ஆசிரியன் ஆதலின் அதில் உள்ள இன்பத்தை அறிவேன். அதில் உள்ள குறையையும் அறிவேன்.

ஜான்ஸ்டன் கண்ட முறை வேறு. 1831 செப்டம்பர் 22-ஆம் நாள் ஒன்பது பேர் கூடிப் பெரிக்ஷயர் இயற்கை ஆய்வாளர் சங்கத்தைத் தொடங்கினர். மருத்துவர், கிறிஸ்தவ குருமார் போன்றோர் அவர்கள். ஜான்ஸ்டன் முதல் தலைவரானார். பிற நகரங்களில் இத்தகைய சங்கங்கள் தோன்றியவுடன் முதலில் கட்டடத்திற்கு நிதி திரட்டின; பிறகு கண்ணாடிப் பெட்டிகளில் பாடம் செய்த பறவைகளை நிரப்பின; பிறகு பூச்சி அரித்த அப்பறவைகளைக் காக்க மேலும் நிதி திரட்டின. பெரிக் நண்பர்கள் இந்த வம்புக்கே போகவில்லை. காட்சிசாலை இல்லை, சொந்த இடம் இல்லை. ஒவ்வொரு கூட்டமும் அவ்வட்டாரத்தின் வேறு வேறு ஊரில். வெளியே நடப்பதே கூட்டம். பிரிட்டனில் களப்பணிச் சங்கம் என்று பெயர் சொல்லத்தக்க முதற்சங்கம் இதுவே எனலாம். 1846-இல் டைன் ஆற்றுப் பகுதியில் இதனைப் பின்பற்றி ஒரு சங்கம் எழுந்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் நாடெங்கும் நூற்றுக்கணக்கில் பெருகின.

அவர்களுடைய இளவேனில் நாள் ஒன்றைச் சற்று எண்ணிப் பாருங்கள். நமக்குச் சித்திரை, வைகாசி என்றால் அனல் காற்று. அவர்களுக்கோ மே மாதத்தில்தான் குளிர் விலகி, இலையற்ற மரங்கள் துளிர்க்கின்றன. காலையில் ஊர்ச் சத்திரம் ஒன்றில் கூடிச் சிற்றுண்டி உண்பார்கள். பிறகு தோளில் தகரப் பெட்டி தொங்க, மலைச்சரிவிலோ ஓடைப் பள்ளத்திலோ சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து நடப்பார்கள். ஒருவர் பாசியைத் தேடுவார். ஒருவர் வண்டைத் தேடுவார். மற்றொருவர் பாழடைந்த கோட்டைச் சுவரில் உள்ள கல்வெட்டைத் தடவிக்கொண்டு நிற்பார். செயின்ட் ஆப்ஸ் முனையின் செங்குத்தான பாறைகளில் அப்பருவத்தில் கடற்பறவைகள் ஆயிரக்கணக்கில் கூடி முட்டையிடும். அங்கே சென்றால் பறவை ஆராய்ச்சியாளருக்குப் பொழுது போவதே தெரியாது. அக்காலத்தில் பறவையை அடையாளம் காணத் துப்பாக்கியையே பெரிதும் நம்பினர் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தொலைநோக்கிக் கண்ணாடியோடு மட்டும் பறவை பார்க்கும் நாகரிகம் மிகவும் பின்னால் வந்தது.

அக்காடுகளில் மர நிழலில் பூக்கும் ஒரு சிறு செடியையே சங்கத்தார் தம் சின்னமாகக் கொண்டனர். மூன்று இலைக்கூறுகள், மெல்லிய ஊதா நரம்போடிய வெண்ணிற மலர், புளிப்புச் சுவை, இரவில் மடியும் இலை. நம் வீட்டுத் தோட்டத்தில் ஈரம் கண்ட இடமெல்லாம் மஞ்சள் பூவோடு படரும் புளியாரையை அறிவீர்கள் அல்லவா? அதன் நெருங்கிய உறவினம்தான் அது; இரண்டுக்கும் பேரினம் ஒன்றே.

நடை முடிந்ததும் மீண்டும் சத்திரம். விருந்துக்குப் பிறகு கட்டுரைகள் படிக்கப்படும். அன்று கிடைத்தவை மேசைமேல் பரப்பப்படும். ஆண்டின் இறுதியில் தலைவர் தம் உரையில், எந்த நாளில் எந்த வழியே சென்றோம், என்ன கண்டோம் என்று கதைபோல் விவரிப்பார். அவ்வுரைகளும் கட்டுரைகளும் தொகுதி தொகுதியாக அச்சாயின. அத்தொகுதிகளுக்கு அவர்கள் இட்ட பெயர் "வரலாறு" என்பதே.

இவ்விடத்தில் ஒரு செய்தியை மறக்கலாகாது. தம் பொழுதுக்குத் தாமே எஜமானராய் இருந்தவர்களுக்கு இந்த நடை எளிது. அதே காலத்தில் மான்செஸ்டரைச் சுற்றிய ஊர்களில் தறி நெசவாளரும் செருப்புத் தைப்பவரும் தாவரச் சங்கங்கள் நடத்தினர். அவர்களுக்கு ஓய்வு ஞாயிற்றுக்கிழமை மட்டுமே. கூடும் இடம் மதுக்கடை. வாடகை இல்லாமல் கிடைத்த அறை அதுதான். மாதந்தோறும் சிறு தொகை செலுத்திப் பொதுவில் நூல்கள் வாங்கினர். ஜான் ஹார்ஸ்ஃபீல்ட் என்ற நெசவாளர் லின்னேயஸின் இருபத்துநான்கு தாவர வகுப்புகளையும் எழுதித் தறியில் மாட்டி வைத்து, நெய்துகொண்டே மனப்பாடம் செய்தார். எழுத்துக் கூட்டவும் தாமாகவே கற்றுக்கொண்ட செருப்புத் தொழிலாளி ரிச்சர்ட் பக்ஸ்டன், மான்செஸ்டரைச் சுற்றிய பதினாறு மைல் தூரத்துத் தாவரங்களுக்கு 1849-இல் வழிகாட்டி நூல் எழுதினார். பெரிக் சங்கத்தைப் புகழும்போது இவர்களை ஒரு படி மேலே வைத்துப் பேசவே என் மனம் விரும்புகிறது. பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்த கற்பித்தல் துணைக்கருவிகள் எவையும் ஹார்ஸ்ஃபீல்டின் தறிக்கு ஈடாகா.

இனி, எழுதி வைத்ததன் பயனைப் பார்ப்போம்.

1842 ஆகஸ்டு 3-ஆம் நாள் டன்ஸ் என்னும் ஊரில் உள்ள கோட்டையின் ஏரியில் ஜான்ஸ்டன் ஒரு நீர்ப்பூண்டைக் கண்டார். நீருக்குள் மூழ்கி வளரும் கரும்பச்சைக் கொடி. சுற்றிலும் அடுக்கடுக்காகச் சிற்றிலைகள். அவர் அறிந்த செடிகளில் அது இல்லை. அதன் தாயகம் வட அமெரிக்கா என்பது பின்னர் தெளிவாயிற்று. மாதிரியை எடுத்துப் பிற அறிஞருக்கும் அனுப்பினார். அப்போது எவரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 1847-இல் தெற்கே லெஸ்டர்ஷயரில் மேரி கர்பி என்ற அம்மையார் அதே பூண்டைக் கால்வாய் நீரில் கண்டார். அடுத்த சில ஆண்டுகளில் அது இங்கிலாந்தின் கால்வாய்களையும் ஆறுகளையும் அடைத்துக்கொண்டது. கேம்பிரிட்ஜில் கல்லூரி மாணவர் படகு வலிக்க இயலாமல் தவித்தனர். சரக்குப் படகுகளை இழுக்கக் கூடுதல் குதிரைகள் பூட்ட வேண்டியதாயிற்று. வேடிக்கை என்னவெனில், அந்நாட்டில் பரவியவை ஏறக்குறைய முற்றிலும் பெண் செடிகளே. விதையே தேவைப்படவில்லை, ஒடிந்த துண்டு ஒவ்வொன்றும் புதுச் செடியாயிற்று.

நம் ஏரிகளையும் குளங்களையும் மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரையை அறிந்தவர்களுக்கு இக்கதை புதிதன்று. அதுவும் கடல் கடந்து தென்னமெரிக்காவிலிருந்து வந்ததே. இத்தகைய அயற்செடி எப்போது வந்தது, எவ்வளவு விரைவில் பரவியது என்று கணக்கிட விரும்புவோர்க்கு முதலில் வேண்டுவது பழைய தேதி ஒன்று. அந்தத் தேதியைத் தந்தவர் அரசாங்க அதிகாரி அல்லர்; ஏரிக்கரையில் நின்ற ஊர் மருத்துவர். ஜான்ஸ்டன் 1855-இல் காலமானார்.

நம் தமிழகத்தோடு தொடர்புடைய ஒருவரும் அச்சங்கத்தில் இருந்தார். அவர் சர் வால்டர் எலியட். 1803-இல் பிறந்து, இளமையிலேயே சென்னை அரசாங்கப் பணிக்கு வந்து, ஆளுநரின் ஆலோசனைச் சபை உறுப்பினர் வரை உயர்ந்தவர். 1845-இல் அமராவதித் தூபியை அகழ்ந்து அதன் சிற்பங்களை வெளிக்கொணர்ந்தவர் இவரே. நம் காடுகளில் அணில் போலத் தோன்றும் ஒரு சிறு விலங்குண்டு. மூங்கில் அணத்தான் என்பது தமிழ்ப் பெயர். விலங்கியலார் அதன் சிறப்பினப் பெயரில் எலியட்டின் பெயரைச் சேர்த்தனர். பேரினப் பெயரை நம் "அணத்தான்" என்ற சொல்லிலிருந்தே எடுத்துக்கொண்டனர்.

1860-இல் ஓய்வு பெற்று, ட்வீட் நாட்டிலிருந்த தம் ஊருக்குத் திரும்பிய எலியட், பெரிக்ஷயர் சங்கத்தில் சேர்ந்து உழைத்தார். 1876-77-இல் அந்த எல்லைப்புற மலை மேய்ச்சல் நிலங்களில் வயலெலிகள் அளவின்றிப் பெருகின. இளவேனிலில் ஆடுகள் மேய வேண்டிய புல்லை அவை வேரோடு கடித்துப் பாழாக்கின. எலியட் பண்ணைகளிலிருந்து செய்திகளைத் திரட்டி, எங்கே தொடங்கிற்று, எவ்வாறு பரவிற்று என்று சங்கத்தின் "வரலாறு" நூலில் நீண்ட கட்டுரை எழுதினார். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் தென் ஸ்காட்லாந்தில் மீண்டும் அதே கேடு மூண்டது. 1892-இல் அரசாங்கமே குழு அமைத்து விசாரித்தது. ஆந்தையையும் வல்லூறையும் வேட்டைக்காரர் கொன்று தீர்த்ததால் எலி பெருகிற்றா, பருவநிலையால் பெருகிற்றா என்ற வாதம் எழுந்தபோது, முன்னொரு முறை நடந்ததற்கு எழுத்துச் சான்று ஆயத்தமாய் இருந்தது. மேய்ப்பர்களின் நினைவை மட்டும் நம்பியிருந்தால் ஆளுக்கொரு கதை கிடைத்திருக்கும்.

முதுமையில் எலியட்டின் கண்பார்வை மங்கிவிட்டது. ஆயினும் 1886-இல் தென்னிந்திய நாணயங்கள் பற்றிய நூலை வெளியிட்டார். அவ்வாண்டே போப்பையரின் திருக்குறள் மொழிபெயர்ப்பும் வெளிவந்தது. 1887 மார்ச் முதல் நாள் காலையில், போப்புக்கு ஒரு கடிதம் சொல்லச் சொல்ல எழுதுவித்துக் கையொப்பமிட்டார்: குறள் பதிப்பைப் பற்றிய மதிப்புரையை முந்திய நாள் மகிழ்வோடு படித்ததாகவும், பல ஆண்டுகளுக்கு முன் தாம் திரட்டிய எல்லிஸ் துரை பற்றிய சிதறிய குறிப்புகளைப் பயன்படுத்த வழியுண்டா என்றும் கேட்டிருந்தார். அன்றே அவர் உயிர் பிரிந்தது.

பெரிக்ஷயர் சங்கம் இன்றும் இருக்கிறது. உறுப்பினர் இன்றும் வெளியே செல்கின்றனர். பழைய "வரலாறு" தொகுதிகள் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆங்கிலம் சற்றுப் பழைய நடை. கல்லூரி மாணவர்க்கு அது தடையாகாது. எலியட்டின் எலிக் கட்டுரை எட்டாம் தொகுதியில் இருக்கிறது.