பால்குடி மறக்கடித்தல்

ஓடி விளையாடும் வயது வந்த குழந்தையைத் தாய்ப்பாலிலிருந்து விலக்குவதைப் பால்குடி மறக்கடித்தல் என்பார்கள். பேச்சில் ‘பால் நிறுத்துறது’. பகல் பாலை நிறுத்துவது பெரும்பாலும் எளிது. சோறும் விளையாட்டும் அதைப் பார்த்துக்கொள்ளும். சிக்கல் இரவில்தான். மார்பில் வாய் வைத்தால்தான் தூக்கம் என்று பழகிய குழந்தைக்கு, பசி அடங்கிய பிறகும் பால் தேவைப்படுகிறது.

இதில் தாயின் தவறு எதுவும் இல்லை. இரவில் சுரக்கும் பாலில் தூக்கத்தோடு தொடர்புடைய மெலடோனின் பகல் பாலில் இருப்பதைவிட மிகுதி. சப்புவதே குழந்தையை அமைதிப்படுத்தும். நடுராத்திரியில் எல்லோரையும் போலக் குழந்தைக்கும் தூக்கம் சற்றுக் கலையும். கண்ணயர்ந்தபோது வாயில் இருந்ததை அது அப்போதும் தேடும்.

இத்தனை மாதத்தில் நிறுத்தியே ஆகவேண்டும் என்ற கெடு இல்லை. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு மற்ற உணவோடு சேர்த்து இரண்டு வயதுவரையோ அதற்கு மேலுமோ தாய்ப்பால் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இரண்டாம் ஆண்டிலும் குழந்தைக்கு வேண்டிய ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குவரை இதிலிருந்தே கிடைக்கலாம். அக்கம்பக்கத்தாரின் கேலிக்காக மட்டும் அவசரப்பட வேண்டாம்.

பழைய வழி கசப்பு. வேப்பிலையையோ கற்றாழையையோ அரைத்துக் காம்பில் தடவுவார்கள். சிலர் வேப்பெண்ணெயே தடவுவதுண்டு. வேப்பெண்ணெய் வயிற்றுக்குள் போய்க் குழந்தைகளுக்கு வாந்தியும் வலிப்பும் வந்ததை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. அதைத் தொடவே கூடாது. குழந்தையைச் சில நாள் பாட்டி வீட்டில் விடுவது இன்னொரு வழி. பாலையும் தாயையும் ஒரே இரவில் பறிப்பதால் இரண்டில் இதுவே கொடியது. மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டும் வழக்கத்துக்கு மட்டும் ஆய்வின் துணை உண்டு. பிரசவமான பெண்களிடம் பால் சுரப்பை அடக்குவதில் அது புரோமோகிரிப்டின் மாத்திரைக்கு ஏறக்குறைய ஈடுகொடுத்ததாக வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வு 1988இல் தெரிவித்தது. ஆனால் பூ பாலைத்தான் குறைக்கும், பழக்கத்தை அல்ல.

மெல்ல மறக்கடிப்பதென்றால் முதலில் பாலையும் தூக்கத்தையும் பிரிக்க வேண்டும். புதுச்சேரியின் சுண்ணாம்பாற்றங்கரையில், நோணாங்குப்பத்தில் ஒரு வீட்டை எண்ணிக்கொள்வோம். அங்கே இதுவரை குளியல், சோறு, பால், தூக்கம் என்று இருந்த வரிசை இனி குளியல், பால், சோறு, வாய் கழுவல், தூளி என்று மாறும். பால், விளக்கு எரியும் கூடத்தில்; தூக்கம் இருட்டறையில். நடுராத்திரிப் பாலுக்கு வேறு உத்தி. சப்பும் வேகம் குறைந்து விழுங்கும் சத்தம் நின்றதும், வாயோரத்தில் சுண்டுவிரலை நுழைத்துப் பிடியைத் தளர்த்தி, மோவாயை லேசாகத் தாங்கிக்கொள்ள வேண்டும். குழந்தை சிணுங்கினால் மறுபடி கொடுத்து, மறுபடி எடுக்கலாம். முதல் இரவில் ஐந்தாறு தடவைகூட ஆகும். எலிசபெத் பான்ட்லி 2002இல் எழுதிய நூலால் உலகெங்கும் பரவிய முறை இது.

சில இரவுகள் அப்பாவோ ஆயாவோ தூளியை ஆட்டினால் வேலை பாதியாகும். அவர்களிடம் பால் இல்லை என்பது குழந்தைக்குத் தெரியும். (தூளி கட்டிய கொக்கி ஒன்றரை வயதுக் குழந்தையின் எடையைத் தாங்குமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.) பாட்டு உதவும். தாலாட்டில் வரும் ‘தால்’ என்பதற்கு நாக்கு என்று பொருள். நாவை அசைத்துப் பாடுவதுதான் தாலாட்டு. பிள்ளைத்தமிழில் தால் மூன்றாம் பருவம். மாற்றாகப் பால்புட்டியை வாயில் வைத்துத் தூங்கவைத்தால் ஒரு பழக்கத்தின் இடத்தில் இன்னொன்று உட்கார்ந்துகொள்ளும், பல்லும் சொத்தையாகும்.

தாயின் உடம்புக்கும் அவகாசம் வேண்டும். ஒரு வேளைப் பாலை நிறுத்திச் சில நாள் பொறுத்து அடுத்ததை நிறுத்தினால் பால் கட்டிக்கொள்ளாது. கனத்து வலித்தால் வலி தணியும் அளவுக்கு மட்டும் பீய்ச்சி எடுக்கலாம். ஓரிடம் சிவந்து, காய்ச்சலும் வந்தால், புதுச்சேரியில் இருப்பவர்கள் ஜிப்மர் மருத்துவமனைக்கோ எல்லைப்பிள்ளைச்சாவடி அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனைக்கோ போய்விடுவது நல்லது. குழந்தைக்குக் காய்ச்சல், வீடு மாற்றம், தம்பி தங்கை பிறப்பு என்று ஏதாவது நடக்கும்போது தொடங்கக் கூடாது. தொடங்கியிருந்தாலும் சற்று நிறுத்திவைக்கலாம்.

பால் நின்ற பிறகும் சில குழந்தைகள் தாயின் தாலிக்கயிற்றையோ காது மடலையோ பிடித்துக்கொண்டுதான் தூங்கும். அதை மறக்கடிக்க வேண்டியதில்லை.